இரண்டின் மேல் ஒரு கோடு

1

காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது.

"பாப்பா, இன்னிக்கி என் வெரலுக்கு வருசத் தெவசம். உங்க அண்ணி வடை சுட்டுகினு கீறா. நீ அங்க இன்னா பண்ணப் போற?"

பின்னால் அண்ணியின் குரலும் கேட்டது. "காலங்காத்தால பேசற பேச்சப் பாரு."

என் அண்ணன் ஏழுமலை ஆவடியில் ராணுவத் தளவாடங்கள் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறார். அவருடைய இடது கால் சுண்டுவிரலை எடுத்து இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. அதற்குத்தான் இந்த வடை. நான் இருப்பது ஸ்வீடனின் தென்கோடியில் ஒரு சின்ன ஊர். வந்து பதினாலு வருடம் ஆயிற்று. பஸ் நிறுத்தத்தில் யாரும் சத்தமாகச் சிரிக்காத ஊர் இது. நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. அந்த விரல் போனதில் எனக்குப் பங்கு இருக்கிறது. அதில் ஒரு பாதியை அண்ணனிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். இன்னொரு பாதியைச் சொல்ல ஒரு வருடமாக வாய் வரவில்லை. வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது பார்க்கலாம் என்றுதான் இதை ஆரம்பித்திருக்கிறேன். தங்கை பெயர் அச்சில் வந்தால் இரண்டு பிரதி வாங்குகிற மனிதர் அவர். எப்படியும் படித்துவிடுவார்.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வினையே அதில்தான் ஆரம்பித்தது.

நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். ஜெல் செய்கிறேன். ஜெல் என்றதும் ஊரில் தலைக்குத் தடவுவது, பேனாவில் இருப்பது, முட்டி வலிக்குத் தேய்ப்பது, இந்த மூன்றைத்தான் நினைப்பார்கள். எங்களுடையது வேறு. பாலிமர் கலந்த தண்ணீரை மெதுவாக உறைய வைப்போம். தண்ணீர் பனித் துணுக்குகளாக மாறும்போது பாலிமர் இடுக்குகளில் ஒதுங்கி, அங்கேயே ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு பனியை உருக விட்டால், பனி இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே வழி. கையில் எடுத்தால் டீயில் முக்கிய பொறை ரொட்டி மாதிரி இருக்கும். பொறை உதிர்ந்து கிளாஸுக்குள் விழுந்துவிடும், இது உதிராது. பிழிந்தால் தண்ணீரெல்லாம் வெளியே வந்து சப்பையாகும். மறுபடி தண்ணீரில் போட்டால் கண் முன்னாலேயே உப்பிப் பழைய உருவத்துக்கு வந்துவிடும்.

இந்த ஓட்டைகளை வைத்துக்கொண்டு என்னென்னவோ செய்கிறார்கள். ரத்தத்தை இதன் வழியாக ஓடவிட்டு, வேண்டாததை மட்டும் பிடித்து வைக்கலாம். ஓட்டைகள் பெரியவை என்பதால் ரத்த அணுக்கள் சிக்கிக்கொள்ளாமல் போய்விடும். மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்த இடத்தில், புதுச் செல்கள் ஏறி வளர்வதற்குச் சாரம் கட்டுகிற மாதிரி இதை வைக்கலாமா என்று பார்க்கிறார்கள். மருந்தை ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடலாம். ஆறாத புண்ணின் மேல் வைத்தால் வடிவதை உறிஞ்சிக்கொள்ளும், அடியில் ஈரத்தையும் காக்கும். எங்கள் பக்கத்து அறையில் பாக்டீரியாவையே இதற்குள் குடிவைக்கிறார்கள். கழிவுநீரை அதன் வழியே விட்டால் உள்ளே இருப்பவை அழுக்கைத் தின்றுவிடும். தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவை இடத்தை விட்டு நகராது. கழுவினாலும் போகாது என்பதுதான் அந்த அறைக்காரர்களின் பெருமை.

இதையெல்லாம் விளக்குவது எந்த மொழியிலும் லேசில்லை. வந்த புதிதில் குடியேற்ற அலுவலகப் படிவத்தில் 'செய்யும் வேலை' என்ற கட்டத்தில், எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்வீடிஷில் 'உறைய வைத்து, உருக்கி, கழுவி வைப்பது' என்று எழுதினேன். நாலு மாதம் கழித்து வந்த கடிதத்தில் என்னை மீன் பதப்படுத்தும் தொழிலாளி என்று பதிந்திருந்தார்கள். அதை மாற்ற மூன்று படிவமும் பேராசிரியரிடமிருந்து இரண்டு கடிதமும் தேவைப்பட்டன. இன்றைக்கும் யாராவது கேட்டால் அண்ணன் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "என் தங்கச்சி அங்க மீன் கம்பெனில கீது" என்பார்.

ஒருநாள் வீடியோவில் அவருக்கு ஒரு ஜெல் துண்டைப் பிழிந்து காட்டினேன். அது உப்பி எழுந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தபா பிழி" என்றார். பிழிந்தேன்.

"இது நம்ம கிரைண்டிங் வீலு மாரி கீதே பாப்பா. அதுலயும் பொடிப் பொடியா ஓட்டை. இரும்புத் தூளு போயி அடச்சிகிச்சுன்னா வீலு வெட்டாது. அப்போ டிரஸ்ஸிங் பண்ணுவோம். மேல லேசா சொரண்டி உட்டா ஓட்டை தொறந்துக்கும். அப்பால புதுசு மாரி ஓடும்."

வாழ்நாள் முழுக்கச் சாணைக்கல்லோடு நின்றவர். படம் வரைந்து பத்து நிமிஷம் நான் விளக்குவதை ஒரு மூச்சில் பிடித்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் நாலைந்து தடவை பிழிந்து பிழிந்து காட்டினேன்.

3

அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு. தடித்த ஷூ போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்கிற வேலை. சுண்டுவிரலுக்கு அடியில் தோல் கழன்று புண்ணானது அவருக்கே தெரியவில்லை. பாதத்தில் உணர்ச்சி அவ்வளவு குறைந்திருந்தது. சாக்ஸில் கறையைப் பார்த்துத் தனம் அண்ணிதான் கண்டுபிடித்தார்.

அண்ணி வேப்பம்பட்டுக்காரர். எதையும் பாதியில் விடமாட்டார். தினமும் சாயங்காலம் பருத்திப்பட்டு வீட்டில் அண்ணனின் காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்து, கழுவித் துடைத்து, டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்து, பவுடர் போட்டு விடுவார். நம் பக்கத்தில் புண்ணுக்கு வேறென்ன தெரியும்? காற்றாட விட வேண்டும், ஈரம் தங்கக்கூடாது.

ஆறு வாரம் ஆகியும் புண் அப்படியே இருந்தது. காலை எடுக்கும்படி ஆகிவிடுமோ என்று அண்ணி போனில் அழுதார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது அண்ணனுக்கு. நான்தான் இந்த விஷயத்தில் பெரிய கை ஆயிற்றே, சும்மா இருப்பேனா?

எங்கள் ஆய்வுக்கூடத்து ஜெல்லை மனிதர் மேல் வைக்க அனுமதி கிடையாது. அதனால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக் கடையில், அதே ஜாதியைச் சேர்ந்த, புண்ணுக்கென்றே விற்கிற ஜெல் பட்டைகள் ஒரு பெட்டி வாங்கினேன். பெட்டிக்குப் பத்து பட்டை. தபால் நிலையத்தில் அது பரிசா, மருத்துவப் பொருளா என்று கேட்டார்கள். மருத்துவப் பொருள் என்றால் டாக்டர் கடிதம் வேண்டும். பரிசு என்றால் அது மருத்துவப் பொருளாக இருக்கக்கூடாது. அண்ணன் காலுக்குத் தங்கை அனுப்புவது எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் உண்மையாகவே யோசித்துவிட்டு, "மற்றவை" என்றார். மற்றவைக்கு இன்னொரு படிவம். மூன்றாம் முறையும் பெட்டியோடு திரும்பி வந்த பிறகு, கல்யாணத்துக்காக ஆவடிக்குப் பக்கத்துத் திருநின்றவூர் போன ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்தனுப்பினேன்.

பெட்டி போய்ச் சேர்ந்த அன்று அண்ணன் கேட்டார். "நீ பிழிஞ்சு காட்டுனியே, அதானே இது? உன் கையால செஞ்சது?"

"ஆமாண்ணா, அது மாதிரிதான்" என்றேன்.

'மாதிரி' என்பது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. நான் அதை அழுத்திச் சொல்லவில்லை.

4

அதே போனில் அண்ணியிடம் முறையைச் சொன்னேன். மூன்று நாளைக்கு ஒரு தடவை மாற்றுங்கள், நடுவில் பிரிக்காதீர்கள், பவுடர் வேண்டாம். எல்லாவற்றுக்கும் சரி என்றார். பிறகு நான் சொன்னது இதுதான்:

"ஃபேன் காத்துல வைக்காதீங்க அண்ணி. புண்ணு காயவே கூடாது."

"இன்னா சொன்ன?"

"புண்ணு காயக்கூடாது. காஞ்சிடுச்சுன்னா..."

"வாயக் கழுவு விமலா. கடலுக்கு அந்தாண்ட குந்திகினு, கூடப் பொறந்தவன் புண்ணு காயக்கூடாதுன்னு சொல்றியே, உனுக்கு நல்லா கீதா?"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நம் பேச்சில் புண் காய்வதென்றால் ஆறுவதுதான். 'புண்ணு காஞ்சிடுச்சா?' என்றுதான் எதிர்வீட்டுக்காரர்கூட நலம் விசாரிப்பார். நான் ஈரத்தையும் வறட்சியையும் ஸ்வீடிஷில் நினைத்து, தமிழில் சாபமாகக் கொட்டியிருக்கிறேன். "ஈரம் இருந்தாத்தான் சீக்கிரம் ஆறும்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் அவசரமாக விளக்க ஆரம்பித்தேன். அண்ணி போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டார். "இனிமே உங்க தங்கச்சி வைத்தியத்த நீங்களே பாத்துக்கங்க" என்று அவர் சொன்னது நன்றாகக் கேட்டது.

என் மகள் இனியாவுக்குப் பதின்மூன்று வயது. இங்கேயே பிறந்தவள். அத்தை ஏன் கோபித்துக்கொண்டார் என்று கேட்டாள். சொன்னேன். "ஆனால் அம்மா, ஈரம் நல்லதுதானே? நீ சரியாகத்தானே சொன்னாய்?" என்றாள். அவளுக்குக் காய்வதென்றால் கொடியில் துணி மட்டும்தான். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. பதினாலு வருடத்தில் நானும் பாதி தூரம் அவள் பக்கம் போயிருக்கிறேன்.

டிரஸ்ஸிங்கை மூன்று நாளைக்கு ஒரு தடவை மாற்று என்று அண்ணனிடமும் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அவர் புண்ணைத் தானே பார்த்துக்கொண்டார். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு. எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால், "சோக்கா கீது பாப்பா. உன் சாமான் நல்லா வேல செய்து" என்பார்.

5

ஐந்து வாரம் கழித்து அண்ணியே கூப்பிட்டார். சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் போன்.

"காலு நாறுது விமலா. ஜொரம் கொதிக்குது. அம்பத்தூரு ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு வந்துகீறோம்."

நான் போய் இறங்குவதற்குள் விரலை எடுத்துவிட்டார்கள். எலும்பு வரைக்கும் போய்விட்டதாம். இளம் வயது டாக்டரம்மா ஒருவர், அண்ணி வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியைக் கையில் வைத்திருந்தார். உள்ளே எட்டுப் பட்டைகள் பிரிக்காமல் இருந்தன.

"அஞ்சு வாரத்துக்கு ரெண்டேதானா சார்?"

"ரெண்டுதாம்மா. மூணு நாளைக்கி ஒரு தபா எடுத்து, நல்லாப் பிழிஞ்சு, பைப்புல அலசிட்டு, மறுபடி அதையே வெச்சிடுவேன். மொதோது கிழிஞ்சு போச்சு. அதான் ரெண்டாவது எடுத்தேன்."

டாக்டரம்மா ஒரு பட்டையின் கவரைத் திருப்பிக் காட்டினார். சின்ன வட்டத்துக்குள் ஒரு 2, அதன் குறுக்கே ஒரு கோடு. இன்னொரு முறை பயன்படுத்தக் கூடாது என்பதற்கான குறி. துணைக்கு வட ஐரோப்பாவின் எட்டு மொழியில் எழுதியிருந்தது. எட்டில் ஒன்றும் அண்ணனுக்குத் தெரியாது.

"அதுவா? பாத்தேன்" என்றார் அண்ணன். "ரெண்டு போட்டு அடிச்சிருந்திச்சு. ஒரே நேரத்துல ரெண்டு வெக்கக்கூடாது போலன்னு நெனச்சேன். ஒண்ணுதான் வெச்சேன்."

அங்கே யாரும் சிரிக்கவில்லை. தொழிற்சாலை வரைபடத்தில் ஒரு கோடு தடித்திருந்தாலும் ஏன் என்று கேட்கிற மனிதர். அந்தக் குறியையும் கவனமாகப் பார்த்து, யோசித்து, அதன்படிதான் நடந்திருக்கிறார்.

"கழுவினா போகாது சார்" என்றார் டாக்டரம்மா தணிவாக. "அந்த ஓட்டைக்குள்ள கிருமி போனா அங்கயே குடும்பம் நடத்தும்."

எனக்குத் தெரியாதா? பக்கத்து அறையில் தினமும் பார்க்கிறேன். பத்து வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம் அது. "பழசைத் தூக்கிப் போடு" என்ற மூன்று வார்த்தை மட்டும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. டிரஸ்ஸிங்கை மாற்று என்றேன். அவருக்கு டிரஸ்ஸிங் என்றால் ஓட்டையைத் திறந்துவிட்டு மறுபடி ஓட்டுவது.

டாக்டரம்மா நல்ல மனுஷி. சர்க்கரை, ஷூ, நின்றே செய்யும் வேலை, எல்லாம் சேர்ந்துதான் இது, பாதத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்றார். போகும்போது பெட்டியை என்னிடம் தந்து, "இது இங்கயே மெடிக்கல்ல கெடைக்குதே மேடம், எதுக்கு அவ்ளோ தூரத்துலேர்ந்து?" என்று கேட்டார். நான் கிளம்பி வந்தபோது இருந்த ஆவடியிலேயே என் மனசு நின்றுவிட்டிருக்கிறது.

சாயங்காலம் கட்டிலருகே உட்கார்ந்து அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். "பிழிஞ்சு பிழிஞ்சு காட்டினவ நான்தாண்ணா. தூக்கிப் போடுன்னு சொல்லாதவளும் நான்தான்."

"நீ இன்னா பண்ணுவ? மைக்ரான் பாத்து வேல செஞ்சவன் நானு. ஒரு ரெண்டப் படிக்கத் தெரில" என்று அவர் என் தலையில் கை வைத்தார். நான் சொன்ன பாதி அதுதான்.

6

மூன்று வாரம் பருத்திப்பட்டில் இருந்தேன். இனியா போனில் மாமாவிடம் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தமிழில், "மாமா, உங்களுக்கு இப்போது எத்தனை விரல்கள் எஞ்சியிருக்கின்றன?" என்று கேட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அண்ணி என்னிடம் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. கட்டு மாற்றும் வேலையை மறுபடி அவரே எடுத்துக்கொண்டார். ஒரு நாள், "இன்னிக்கி நீ போடு" என்று கையுறையை நீட்டினார். கட்டைப் பிரித்தேன். கை தவறிக் கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

"இதே வேலதானே பத்து வருசமா செய்யற? புண்ணப் பாத்ததே இல்லியா?"

"இல்ல அண்ணி. தட்டுல வெச்சுத்தான் செய்வோம். ஆள் மேல பாத்ததில்ல."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கரைந்துபோனது தெரிந்தது. என் கையைப் பிடித்து, எங்கே அழுத்த வேண்டும், எங்கே கூடாது என்று காட்டினார். "டாக்டரும் ஈரம் வேணும்னுதான் சொல்றாங்க. ஆனா உன்ன மாரி கன்னாபின்னான்னு சொல்லல" என்றார். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். "அய்ய, கையுறையோட தொடாத" என்று விலக்கினாலும் தள்ளிவிடவில்லை.

புதுப் பட்டையை ஒட்டிவிட்டுப் பழையதைக் குப்பைப் பையில் போட்டேன். அண்ணனின் கண் அதன் கூடவே போயிற்று. அண்ணி பையைக் கட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் கேட்டேன்.

"பத்து இருந்துச்சேண்ணா. தீந்தா இன்னும் அனுப்பியிருப்பேன். ஏன் கழுவிக் கழுவி வெச்ச?"

"மெடிக்கல்ல வாங்குனதா இருந்தா அன்னிக்கே தூக்கிப் போட்டிருப்பேன் பாப்பா. நீ அந்தக் குளுருல நின்னுகினு, உன் கையால செஞ்சு அனுச்சது. அத எப்டி குப்பைல போடறது? மனசு வரல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி மூன்று டம்ளரில் டீயோடு வந்துவிட்டார். அண்ணன் டீயை வாங்கிக் குடித்தார். நானும் குடித்தேன். அதற்கப்புறம் ஒரு வருடத்தில் வாராவாரம் பேசியிருக்கிறோம். சொல்லவில்லை.

இப்போது அவர் நிற்கிற வேலையில் இல்லை. டூல் ஸ்டோரில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் ஓய்வு.

அண்ணா, அது நான் செய்ததில்லை. பஸ் நிலையத்துப் பக்கத்து மருந்துக் கடையில் டோக்கன் எடுத்து, வரிசையில் நின்று வாங்கியது. யாரோ ஒரு மெஷின் செய்தது. நீ கேட்டபோது ஆமாம் என்று சொன்னதற்குக் காரணம், பதினாலு வருடமாக உனக்கென்று என் கையால் நான் எதையும் செய்யாததுதான். நீ கழுவி வைத்துக்கொள்ளும்படி அதில் ஒன்றும் இல்லை அண்ணா. நான் அதைத் தொடக்கூட இல்லை, பெட்டியோடுதான் பிடித்தேன்.